மாமல்லபுரத்தில் ஆடியோ கைடு: சிக்கலைப் பார்த்துத் தீர்வைப் பிடிப்பது

மாமல்லபுரத்தில் போனில் ஆடியோ கைடு கேட்டபடி சுற்றுகிறவர்களுக்கு வரும் சிக்கல் இரண்டு வகை. ஒன்று, ஒலியே வராது. இன்னொன்று, ஒலி நன்றாக வரும். ஆனால் அது சொல்கிற சிற்பம் எதிரில் இருக்காது. முதல் வகை போன் செட்டிங்ஸோடு முடிந்துவிடும். இரண்டாவதில்தான் பலர் வெறுத்துப்போய் இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டிய இடமல்ல இது. ஒரே ஊரில் குகை, ஒற்றைக்கல் ரதம், பாறைப் புடைப்புச் சிற்பம், கட்டுமானக் கோயில் என நான்கும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. சொல்லிக் காட்ட ஒரு குரல் இருந்தால் பார்வையே வேறாகிவிடும்.

கீழே உள்ளவை எந்த ஆப்புக்கும் பொருந்தும். கியூஆர் பலகையை ஸ்கேன் செய்து கேட்பதற்கும், யாரோ அனுப்பிய எம்பி3 கோப்புகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். இன்னும் கிளம்பவில்லை என்றால் மட்டும் முதல் பகுதியைச் செய்துவிட்டுப் போங்கள்.

முந்தின இரவு: ஐந்து நிமிடச் சோதனை

1. வீட்டு வைஃபையில் ஆப்பைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய மொழியின் ஒலித்தொகுப்பை முழுதாக இறக்குங்கள். பல ஆப்களில் ஒவ்வொரு மொழியும் தனித் தொகுப்பு. ஆங்கிலத்தை இறக்கிவிட்டுத் தமிழும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.
2. ஏரோப்ளேன் மோட் போடுங்கள். சில போன்களில் அப்போதும் வைஃபை ஆனிலேயே இருக்கும். அதையும் கையால் அணையுங்கள்.
3. ஆப்பை ரீசன்ட் பட்டியலிலிருந்து தள்ளி மூடிவிட்டு, மறுபடி திறங்கள்.
4. முதல் பகுதி, நடுவில் ஒன்று, கடைசிப் பகுதி, மூன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள்.
5. திரையைப் பூட்டி மூன்று நிமிடம் மேசையில் வையுங்கள். ஒலி நிற்காமல் ஓட வேண்டும்.

கோப்பின் அளவும் ஒரு துப்பு. பேச்சொலி 64 கேபிபிஎஸ் தரத்தில் இருந்தால் நிமிடத்துக்கு அரை எம்பிக்குச் சற்றுக் குறைவாக வரும். 90 நிமிட வழிகாட்டி என்றால் சுமார் 43 எம்பி. 128 கேபிபிஎஸ் என்றால் அதில் இரு மடங்கு. ஸ்டோரேஜில் ஆப்பின் டேட்டா 4, 5 எம்பிதான் காட்டுகிறது என்றால் வந்திருப்பது பட்டியலும் படங்களும் மட்டுமே. ஒலி வரவில்லை.

"நேற்று ஓடியது, இன்று லாகின் கேட்கிறது"

உங்கள் கணக்கு இன்னும் செல்லுபடியாகிறதா என்று சர்வரிடம் கேட்க ஆப் இணையத்தைத் தேடுகிறது. கோப்பு போனிலேயே இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் கதவு திறக்காது. ஒரு நிமிடம் டேட்டாவை ஆன் செய்து லாகின் முடித்தால் போதும், பிறகு அணைத்துவிடலாம். ஓடிபி வரும் சிம் வெளிநாட்டு எண்ணாக இருந்து ரோமிங் இல்லாவிட்டால் அங்கே நின்று ஒன்றும் செய்ய முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு லாகினை விமான நிலையத்து வைஃபையிலோ வீட்டிலோ முடித்துக் கொடுத்துவிடுங்கள்.

பல மாதங்களுக்கு முன் இறக்கிய ஆப் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். நெடுநாள் திறக்காத ஆப்களுக்குத் தந்த அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகத் திரும்பப் பெற்றுவிடும். லொகேஷன் அனுமதியும் அதில் போயிருக்கும்.

"சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒலி வரவில்லை"

தொகுப்பை இறக்காமல் வந்துவிட்டீர்கள். விடுமுறை நாளில் கடற்கரைக் கோயில் பக்கம் நூற்றுக்கணக்கானவர்கள் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சிக்னல் முழுக் கோடு காட்டும், டேட்டா நகராது. 5ஜியிலிருந்து 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். கூட வந்தவரிடம் வேறு நிறுவன சிம் இருந்தால் அவருடைய ஹாட்ஸ்பாட்டைக் கேளுங்கள். அதுவும் நகராவிட்டால் முழுத் தொகுப்பையும் இறக்கப் பார்க்காமல், எதிரில் இருக்கும் ஒரே ஒரு இடத்தின் ஒலியை மட்டும் இறக்குங்கள். சாப்பாட்டுக்கு ஓட்டலில் உட்காரும்போது மீதியை இறக்கிக்கொள்ளலாம்.

கியூஆர் பலகை வழியே கேட்பவர்களுக்கு: வெயில் பட்டுப் பலகை பளபளத்தால் கேமரா படிக்காது. உடம்பால் நிழல் விழ நின்று ஸ்கேன் செய்யுங்கள். பலகைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் யூபிஐ பின் கேட்டால், நடப்பது பணம் செலுத்தும் வேலை. உடனே வெளியே வந்துவிடுங்கள். பக்கம் திறந்த பிறகு திரையைப் பூட்டினால் ஒலி நின்றுபோகிறதா? ஸ்கேன் செய்யும் ஆப் தனக்குள்ளேயே ஒரு சின்னச் சன்னலைத் திறந்து அதில் ஓட்டுகிறது. மெனுவில் "பிரௌசரில் திற" என்பதை அழுத்தி குரோமிலோ சஃபாரியிலோ கேளுங்கள்.

"ஓடுகிறது, ஆனால் காதில் கேட்கவில்லை"

முதலில் ப்ளூடூத். காரில் வந்தவர்களுக்கு இது சகஜம்: வண்டி பார்க்கிங்கில் நிற்கிறது, டிரைவர் ஸ்டீரியோவை அணைக்கவில்லை, போன் இன்னும் அதோடு இணைந்தே இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தின் கதையை டிரைவர் கேட்டுக்கொண்டிருப்பார். ப்ளூடூத் பட்டியலில் காரைத் துண்டித்துவிட்டு இயர்பட்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

டைப்-சி இணைப்பியில் சாதா 3.5 மி.மீ. இயர்போனைச் செருகியும் சத்தமே இல்லையா? மலிவான இணைப்பிகள் சிலவற்றில் டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் சில்லு (டிஏசி) இருக்காது. போனே அனலாக் ஒலியை அனுப்பினால்தான் அவை வேலை செய்யும். பல போன்கள் அனுப்புவதில்லை. இணைப்பியில் கோளாறு இல்லை, உங்கள் போனுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். வாங்கும்போது "டிஏசி உள்ளது" என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்கிறீர்கள், குரல் மங்கலாக இருக்கிறது, அல்லது இரண்டு பேர் பேசும் இடத்தில் ஒருவர் குரல் காணாமல் போகிறது என்றால் ஒலி ஸ்டீரியோவில் பதிவானது. மறுபக்கத்துக் குரல் நீங்கள் மாட்டாத காதுக்குப் போகிறது. ஐபோனில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ & விஷுவல் என்று போய் "மோனோ ஆடியோ"வை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஆக்சஸிபிலிட்டியில் ஆடியோ பகுதிக்குள் இதே பெயரில் இருக்கும். ஒற்றைக் காதில் கேட்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். தெருவைக் கடக்கும்போது ஆட்டோ ஹாரன் கேட்கும், கூட வந்தவர் கூப்பிட்டாலும் கேட்கும். ஆகவே மோனோவை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள்.

கடற்கரைக் கோயிலில் மட்டும் "புர்ர்" என்று இரைச்சல் வருகிறது என்றால் அது காற்று. இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸில் வெளியே மைக் இருக்கிறது. கடற்காற்று அதில் மோதும்போது அந்த ஓசையைத்தான் காதுக்குள் அனுப்பும். வெளிச்சத்தம் கேட்கும் டிரான்ஸ்பரன்சி நிலையில் இன்னும் மோசம். இரண்டையும் ஆஃப் செய்து சாதா நிலையில் வையுங்கள். மைக் இல்லாத ரப்பர் முனை இயர்போன் இந்த இடத்தில் விலை உயர்ந்ததைவிட நன்றாக வேலை செய்யும். கன்ன எலும்பு வழியே ஒலி தரும் வகை இங்கே வேண்டாம். காது திறந்திருப்பதால் காற்று குரலை விழுங்கிவிடும்.

"பாக்கெட்டில் போட்டதும் நின்றுவிடுகிறது"

பேட்டரியைச் சேமிக்க போனே ஆப்பை மூடுகிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி என்பதில் "அன்ரெஸ்ட்ரிக்டெட்" வையுங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் "ஆட்டோஸ்டார்ட்" அனுமதியையும் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் அணையுங்கள். பூட்டிய திரையில் ஓடிய ஒலி சரியாக ஒரு இயர்பட்டைக் கழற்றும்போது நிற்கிறது என்றால் அது கோளாறே அல்ல. காதில் இருக்கிறதா என்று உணரும் வசதி வேலை செய்கிறது. இயர்பட்ஸின் செட்டிங்கில் அதை அணைக்கலாம். போன் அழைப்பும் வாட்ஸாப் குரல் செய்தியும் ஒலியைப் பறித்துக்கொண்டு திருப்பித் தராமல் போவதுண்டு. டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, வீட்டார் எண்ணை மட்டும் விலக்கில் வையுங்கள்.

"பக்கத்தில் போனால் தானாக ஓடும் என்றார்கள், ஓடவில்லை"

இங்கிருந்து இரண்டாவது வகை தொடங்குகிறது. இருப்பிடத்தை வைத்துத் தானாக ஓடும் ஆப் முதலில் மூன்று அனுமதிகளைப் பார்க்கும். லொகேஷன் ஆனில் இருக்க வேண்டும். அந்த ஆப்புக்கு அனுமதி இருக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டும் ஓட வேண்டுமென்றால் பல ஆப்களுக்கு "எப்போதும்" என்ற அனுமதி வேண்டும். துல்லிய இருப்பிடம், அதாவது "பிரிசைஸ் லொகேஷன்", ஆனில் இருக்க வேண்டும். கடைசியானது ஆஃபில் இருந்தால் நீங்கள் ஊரில் எங்கோ இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் ஆப்புக்குத் தெரியும். ஐபோனில் பிரைவசி & செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ், ஆப்பின் பெயர் என்று போனால் அந்தப் பொத்தான் இருக்கும்.

ஏரோப்ளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும். டேட்டா இருக்கும்போது செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் இணையம் வழியாக நொடியில் வந்துவிடும். டேட்டா இல்லாதபோது அதை ஒவ்வொரு கோளிடமிருந்தும் நேரடியாகக் கேட்க வேண்டும். அந்தத் தகவல் 30 நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்பாகிறது, நடுவில் தடைபட்டால் மறுபடி காத்திருக்க வேண்டும். ஆகவே மரமும் பாறையும் இல்லாத திறந்த வெளியில் போனைக் கையில் வைத்து இரண்டு, மூன்று நிமிடம் நில்லுங்கள். வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியின் அசைவு நின்றபின் நடங்கள்.

குகைக்குள் தானாக ஓடாது. தலைக்கு மேல் கருங்கல் இருக்கும்போது சிக்னல் வராது. மகிஷாசுரமர்த்தினி குகையோ வராக மண்டபமோ, வாசலுக்கு முன்பே ஒலியைத் தொடங்கிவிட்டு உள்ளே போங்கள்.

"ஐந்து ரதத்தில் ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்குகிறது"

இதைச் செட்டிங்கில் சரி செய்ய முடியாது, முயல வேண்டாம். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் நன்றாக இருந்தாலே சுமார் 5 மீட்டர் பிசகும். திரௌபதி ரதத்தின் அகலமே ஏறக்குறைய 3.5 மீட்டர். அதுவும் அர்ச்சுன ரதமும் ஒரே மேடைமேல் ஒட்டி நிற்கின்றன. நீங்கள் எதன் முன்னால் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஜிபிஎஸ்ஸுக்கு வழியே இல்லை. தானியங்கி நிலையை அணைத்துவிட்டு, எண்ணையோ பெயரையோ அழுத்திக் கேளுங்கள்.

அப்படிக் கேட்பதற்கு எது எது என்று தெரிய வேண்டும். வடக்கு வாசலில் நுழைந்தால் தெற்கு நோக்கி வரிசையாக நிற்பவை திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசன் பெயரிலான ரதங்கள். நகுல சகாதேவ ரதம் வரிசையிலிருந்து விலகி மேற்கே நிற்கிறது. பெயர் மறந்தாலும் கூரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்:

குடிசை போன்ற கூரை திரௌபதி. அடுத்து, அதே மேடையில், அடுக்கு விமானத்தோடு இருப்பது அர்ச்சுனன். நீளவாக்கில் வண்டிக்கூடு போல வளைந்த கூரை பீமன். மூன்று தளம், எல்லாவற்றிலும் உயரம், தருமராசன். பின்பக்கம் வளைந்து யானையின் பின்புறம் போல இருப்பது நகுல சகாதேவம். இந்த வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர், பக்கத்திலேயே ஒற்றைக்கல் யானையும் நிற்கிறது.

"நந்தியைப் பாருங்கள்" என்று குரல் சொல்லும்போது பலர் முன்னால் தேடிவிட்டு, ஒலி தவறு என்று முடிவு செய்கிறார்கள். ஒலி தவறில்லை. திரௌபதி, அர்ச்சுன ரதங்கள் மேற்குப் பார்த்தவை. முன்னால் நிற்பது திரௌபதி ரதத்தின் சிங்கம். நந்தி அர்ச்சுன ரதத்தின் முதுகுப் பக்கம், கிழக்கே கிடக்கிறது. மேடையைச் சுற்றி வந்தால்தான் கண்ணில் படும். ஒலியை நிறுத்திவிட்டு ஒரு சுற்று வாருங்கள், பிறகு தொடருங்கள்.

"குரல் சொல்வது எதுவும் இந்தக் குகையில் இல்லை"

பெரும்பாலும் நீங்கள் நிற்பது வேறு குகை. இந்த ஊரில் ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய. கீழ்க்கண்டவைதான் அதிகம் குழப்புகின்றன.

வராக மண்டபமும் ஆதிவராகர் குகையும் வேறு வேறு. அரசரும் அரசியரும் நிற்கும் சிற்பத்தைப் பற்றிக் குரல் பேசுகிறது, உங்கள் எதிரில் திருவிக்கிரமனும் கஜலட்சுமியும் இருக்கிறார்கள் என்றால் நீங்கள் வராக மண்டபத்தில் நிற்கிறீர்கள், ஓடுவது ஆதிவராகர் குகையின் ஒலி. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று எழுத்துப் பொறித்த அரச உருவங்கள் உள்ளது ஆதிவராகர் குகையில்தான். அது குன்றின் மேற்குப் பக்கம், வழிபாட்டில் உள்ள இடம். உள்ளே போகும்போது ஸ்பீக்கரில் ஒலி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணேச ரதம் "ஐந்து ரதங்கள்" வளாகத்தில் இல்லை. குன்றின் வடபகுதியில், கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று சொல்லும் பாறை இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. புலிக்குகை ஊருக்குள்ளேயே இல்லை. சுமார் 5 கி.மீ. வடக்கே சாளுவன்குப்பத்தில் இருக்கிறது, வண்டி வேண்டும்.

அர்ச்சுனன் தபசை சில வழிகாட்டிகள் "பகீரதன் தவம்" என்றும் "கங்கை இறக்கம்" என்றும் பட்டியலிட்டிருக்கும். பாறை ஒன்றுதான், தவம் செய்பவர் யார் என்பதில்தான் இரண்டு கருத்து. ஆனால் முற்றுப்பெறாத தபசுப் பாறை ஒன்று தெற்கே தனியாக இருக்கிறது. நடுப்பிளவும் யானைக் கூட்டமும் தெளிவாக இருந்தால் நீங்கள் பெரிய பாறை முன்னால்தான் நிற்கிறீர்கள்.

"இடது என்கிறது, இடதில் இல்லை"

யாருடைய இடது என்பதுதான் சிக்கல். சிற்ப நூல் வழக்கில் வலக்கை, இடக்கை என்றால் தெய்வத்தின் கை. பார்க்கிற நமக்கு அது எதிர்ப்பக்கம். நல்ல வழிகாட்டி ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றும். எல்லாமும் அப்படி இல்லை. முதல் சிற்பத்திலேயே ஒரு ஆயுதத்தை வைத்து யார் பக்கம் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். சங்கு எந்தக் கையில் என்று குரல் சொல்கிறதோ அதைக் கண்ணால் தேடினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் குழப்பம் வராது.

திசை வைத்துச் சொல்லும் இடங்களில் சிக்கல் குறைவு, நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று தெரிந்தால். மகிஷாசுரமர்த்தினி குகை கிழக்கு நோக்கியது. உள்ளே நுழையும்போது நீங்கள் மேற்கே பார்க்கிறீர்கள். உங்கள் வலக்கைப் பக்கம், வடக்குச் சுவரில் துர்க்கை போர் புரிகிறாள். இடக்கைப் பக்கம், தெற்குச் சுவரில் திருமால் அரவணையில் பள்ளிகொண்டிருக்கிறார். துர்க்கைப் பலகை முன் நின்றால் சிங்கத்தின் மேல் வில்லேந்திய துர்க்கை உங்கள் இடப்பக்கம், கதாயுதத்தோடு பின்வாங்கிச் சாய்ந்த எருமைத் தலை அசுரன் வலப்பக்கம். ஒரு சுவரில் அத்தனை வேகம், எதிர்ச் சுவரில் அசையாத துயில். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒலியை நிறுத்தி, தலையை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். இந்தக் குகையில் தவறவிடக் கூடாதது இந்தச் சேர்க்கைதான். ஒலியில் அதற்கு நேரம் விட்டிருக்க மாட்டார்கள்.

கடற்கரைக் கோயிலில் எல்லாரும் மேற்கிலிருந்து வருகிறார்கள். குரலோ பெரிய விமானத்தின் கருவறையில் தொடங்கும்; அது கிழக்கே கடலைப் பார்த்தது. வாசலைக் காணோம் என்று மேற்கில் தேட வேண்டாம், சுற்றிப் போங்கள். மேற்குப் பார்த்த சிறிய விமானமும் சிவனுக்குத்தான். இரண்டுக்கும் நடுவே கிடந்த கோலத்தில் திருமால் இருக்கிறார். குரல் மூன்று சன்னிதி என்று சொல்லி, உங்கள் எண்ணிக்கையில் இரண்டுதான் வருகிறது என்றால் விடுபட்டது இதுதான்.

"தபசுப் பாறையில் குரல் ஓடுகிறது, கண் பின்தங்குகிறது"

சுமார் 30 மீட்டர் நீளப் பாறை, நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். குரல் நொடிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். இங்கே ஒரே வழி, துண்டு துண்டாகக் கேட்பது. முதல் முறை ஒலி இல்லாமல் ஒரு நிமிடம் பாருங்கள். நடுப்பிளவைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் கோடு. பிளவில் நாகர்கள் மேலேறுகிறார்கள். இடப்பக்கம் மேலே ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் மெலிந்த தவசி, அவர் அருகே நான்கு கைகளோடு சிவன். அந்தத் தவசிக்கு நேர் கீழே சிறு கோயில். வலப்பக்கம் கீழே யானைகள். யானையின் தந்தத்தை ஒட்டிப் பாருங்கள்: மேலே நிற்கும் தவசியைப் போலவே பூனை ஒன்று பின்னங்காலில் நின்று கைகளைத் தூக்கியிருக்கிறது, சுற்றிலும் எலிகள். இந்த ஐந்து இடமும் கண்ணுக்குப் பழகிவிட்டால் குரல் எவ்வளவு வேகமாகப் போனாலும் இடம் தவறாது. ஒவ்வொன்று முடிந்ததும் நிறுத்தி, 15 நொடி பின்னால் தள்ளும் பொத்தானைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

உருவங்கள் மொத்தமாகத் தட்டையாகத் தெரிந்தால் நேரம் தவறு. பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் அதன்மேல் விழும். பிற்பகலில் சூரியன் பாறைக்குப் பின்னால் போய்விடும். காலையில் இதிலிருந்து தொடங்கி, குன்று, ஐந்து ரதம், பிற்பகலில் கடற்கரைக் கோயில் என்று வைத்தால் வெளிச்சமும் ஒத்துவரும். தபசிலிருந்து ஐந்து ரதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. கடற்கரைக் கோயிலில் வாங்கும் சீட்டே ஐந்து ரதத்துக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

"குரல் ஒரு அரசனைச் சொல்கிறது, பலகை வேறொருவனைச் சொல்கிறது"

இரண்டுமே பிழையாக இருக்க வேண்டியதில்லை. நீண்ட காலமாகச் சொல்லப்பட்டது, ரதங்களும் குகைகளில் பலவும் 7ஆம் நூற்றாண்டில் மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தவை, கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து இராஜசிம்மன் கட்டியது என்று. 1962இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, எல்லாமே இராஜசிம்மன் படைப்பு என்று கல்வெட்டுப் பட்டப் பெயர்களை வைத்து வாதிட்டார். அதை ஏற்றவர்களும் உண்டு, பல தலைமுறை வேலை என்பவர்களும் உண்டு. தருமராச ரதத்தின் கல்வெட்டில் அதற்கு "அத்யந்தகாம பல்லவேஸ்வரம்" என்று பெயர். அந்தப் பட்டம் எந்த அரசனுடையது என்பதில்தான் சண்டையே. உங்கள் வழிகாட்டி எந்தக் கட்சி என்று முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டால் மீதியில் முரண் தெரியாது. பாண்டவர் பெயர்கள் மட்டும் பிற்கால ஊர் வழக்கு. அதை வரலாறு என்று சொல்லும் வழிகாட்டியின் மற்றத் தகவல்களையும் கொஞ்சம் யோசித்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

"போன் சூடாகி அணைந்துவிட்டது"

ஐபோன் 35 டிகிரி வரையிலான சூழலுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை, வைகாசி மதியத்தில் இந்தக் கடற்கரை அதைத் தாண்டும். முழு வெளிச்சத் திரை, ஜிபிஎஸ், பவர் பேங்க் சார்ஜிங் மூன்றும் சேர்ந்தால் அணைய வாய்ப்பு அதிகம். சார்ஜரைக் கழற்றுங்கள், உறையை எடுங்கள், நிழலில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு ஒட்டி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். சார்ஜ் ஏற்றுவதைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். தானியங்கி நிலையை அணைத்து எண் அழுத்திக் கேட்டால் பேட்டரியும் மெதுவாக இறங்கும், சூடும் குறையும்.

"இரண்டு பேர், ஒரு போன்"

சாம்சங் போன்கள் பலவற்றில் இரண்டு ப்ளூடூத் இயர்பட்ஸுக்கு ஒரே நேரத்தில் ஒலி அனுப்பலாம். ஐபோனில் ஏர்பாட்ஸ், சில பீட்ஸ் வகைகளுக்கு மட்டும் அந்த வசதி உண்டு. வயர் என்றால் 3.5 மி.மீ. இரட்டைப் பிரிப்பான் போதும். ஒரு ஜோடி இயர்பட்ஸை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் மேலே சொன்ன மோனோ கட்டாயம். இரண்டு போனில் தனித்தனியாகக் கேட்பதுதான் எங்கள் தேர்வு. ஒருவர் பூனையைத் தேடிக்கொண்டிருக்கும்போது மற்றவர் அடுத்ததற்குப் போகலாம்.

ஒலியிலேயே பிழை இருந்தால்

சரிபார்த்த பிறகும் இடமோ தகவலோ தப்பாக இருந்தால் தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள். "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பகுதியின் எண், பிழை வரும் நிமிடமும் நொடியும், நீங்கள் நின்ற இடம், எதைப் பார்த்து நின்றீர்கள், போன் மாடல், ஆப்பின் பதிப்பு எண், தானியங்கியில் ஓடியதா கையால் அழுத்தியதா என்ற விவரங்களைக் கொடுங்கள். நின்ற இடத்திலிருந்தே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேர்த்தால் நீலப் புள்ளி எங்கே காட்டியது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.